நகைப்புக்குத் தடை, பரியாசத்துக்கு விதிவிலக்கு: பெங்களூருத் தமிழ்ச் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சபைக் கமிட்டியின் செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் யாவருக்கும்,

ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் வாசிக்கப்பட்ட உங்கள் தீர்மானத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. சபை வளாகத்திலும் சபையின் பெயரிலும் நகைச்சுவை நாடகம், ஸ்கிட், மிமிக்ரி எதுவும் இனிக் கூடாது என்று சொன்னீர்கள். ஆதாரமாக எபேசியர் 5:4 வாசிக்கப்பட்டது. அறுப்பின் பண்டிகை மாலையில் வாலிபர் சங்கம் போட்ட ஸ்கிட்டில் திக்கிப் பேசும் காவலாளி வேடம் வந்ததும், சபையில் ஒரு குடும்பம் அதனால் மனம் நொந்ததும்தான் இந்தத் தீர்மானத்துக்குக் காரணம் என்பது எல்லாருக்கும் தெரியும். தீர்மானத்தில் மட்டும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் குடும்பத்திடம் கமிட்டி சார்பில் சொல்லப்பட்டதோ, "பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்தது, பெரிதுபடுத்த வேண்டாம்" என்பது. ஸ்கிட்டின் வீடியோ இன்றைக்கும் சபையின் யூடியூப் சேனலில் இருக்கிறது. முறை வரும்போதெல்லாம் வேதபாடம் வாசித்துவந்த ஒருவர் அதற்குப் பிறகு வாசிக்க முன்வரவில்லை.

இதில் இரண்டு காரியங்கள் கலந்துபோயின. நகைப்பு ஒன்று, பரியாசம் வேறொன்று. முன்னதற்குத் தடை போட்டீர்கள். பின்னதை விளையாட்டு என்று சொல்லி விட்டுவிட்டீர்கள். வேதம் இதற்கு நேர் மாறாக நடக்கிறது.

நீங்கள் காட்டிய வசனத்திலிருந்தே தொடங்குகிறோம். "அப்படியே வம்பும், புத்தியீனமான பேச்சும், பரியாசமும் தகாதவைகள், ஸ்தோத்திரஞ்செய்தலே தகும்" என்கிறது எபேசியர் 5:4. தனியாக எடுத்து வாசித்தால் சிரிப்பே தகாது என்று படும். மூன்றாம் வசனம் வேசித்தனம், அசுத்தம், பொருளாசை என்ற மூன்றைச் சொல்கிறது. ஐந்தாம் வசனம் அதே மூன்றுக்குத் திரும்பி வருகிறது. நடுவில் நிற்கும் நான்காம் வசனம் அந்த வகைப் பேச்சைத்தான் கண்டிக்கிறது: கொச்சை, இரட்டை அர்த்தம், பிறரை மட்டம் தட்டி வாங்கும் சிரிப்பு. கொஞ்சம் மேலே, 4:29-ல், பவுல் அளவுகோலையும் தருகிறார். பேசுவது "கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி" இருக்கவேண்டும். கேட்கிறவர்கள் என்றால் கைதட்டியவர்கள் மட்டும் அல்லர். மூன்றாம் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"விளையாட்டுக்குச் செய்தது" என்ற சமாதானத்துக்கும் வேதத்தில் பதில் உண்டு. நீதிமொழிகள் 26:18, 19 வசனங்களில், அடுத்தவனுக்குத் தீங்கு செய்துவிட்டு "நான் விளையாட்டுக்கல்லவோ செய்தேன்" என்கிறவன், கொள்ளியையும் அம்பையும் எறிகிற பைத்தியக்காரனோடு சேர்த்துப் பேசப்படுகிறான். எய்தவனுக்கு விளையாட்டு என்பதால் அம்பு தைக்காமல் போவதில்லை. கமிட்டி அந்த வீட்டாருக்குச் சொன்ன வார்த்தை, வேதம் ஏற்கெனவே கேட்டு நிராகரித்த வார்த்தை.

நகைப்பை எடுத்துவிட்டால் வேதத்திலேயே பல பக்கங்களை வாசிக்க முடியாது. தொண்ணூறு வயதில் பிள்ளை பெற்ற சாராள் "தேவன் என்னை நகைக்கப்பண்ணினார், இதைக் கேட்கிற யாவரும் என்னோடேகூட நகைப்பார்கள்" என்கிறாள் (ஆதியாகமம் 21:6). சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் வாய் நகைப்பினால் நிறைந்தது என்கிறது சங்கீதம் 126. தீர்க்கதரிசி பிலேயாம் பார்க்காத தூதனை அவன் ஏறிப்போன கழுதை பார்க்கிறது. யோனா ஒரு பட்டணம் பிழைத்துக்கொண்டதற்காகக் கோபித்துக்கொண்டு, ஒரு ஆமணக்குச்செடி வாடியதற்காகச் சாகக் கேட்கிறார். அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் சபை உள்ளே பேதுருவின் விடுதலைக்காக ஜெபிக்கிறது. விடுதலையான பேதுரு வாசலில் நின்று தட்டுகிறார். ரோதை என்ற பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து நீ பிதற்றுகிறாய் என்கிறார்கள். லூக்கா இதை வேண்டுமென்றே இப்படி எழுதியிருக்கிறார். கண்ணில் உத்திரம் வைத்துக்கொண்டு பிறர் கண்ணிலுள்ள துரும்பைத் தேடுகிறவனையும், கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்களையும் ஆண்டவரே நம் முன்னால் நிறுத்தியிருக்கிறார். அன்றைக்குக் கேட்ட ஜனங்கள் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது.

பரியாசத்தின் பக்கம் வந்தால் வேதத்தின் குரல் மாறிவிடுகிறது. சாராள் நகைத்த அதே 21-ஆம் அதிகாரத்தில், மூன்று வசனம் தள்ளி, அடிமைப்பெண் ஆகாரின் குமாரன் பரியாசம்பண்ணுவதைச் சாராள் பார்க்கிறாள். அங்கேதான் அந்த வீடு உடைகிறது. ஒரே வீடு, ஒரே குழந்தை. முதல் சிரிப்பு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டது, இரண்டாவது ஒருவனைக் குறிவைத்தது. "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும்" என்று லேவியராகமம் 19:14 கட்டளையிடுகிறது. செவிடன் காதில் விழாது, குருடனுக்கு யார் வைத்தது என்று தெரியாது. ஆனாலும் "உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக" என்று அந்த வசனம் தொடர்கிறது. "ஏழையைப் பரியாசம்பண்ணுகிறவன் அவனை உண்டாக்கினவரை நிந்திக்கிறான்" என்கிறது நீதிமொழிகள் 17:5. திக்குவாயைப் பற்றி நேரடியாகவே வசனம் இருக்கிறது. யாத்திராகமம் 4:10-ல் தான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று மோசே சொன்னபோது, கர்த்தர் கேட்டார்: "மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார்?" இஸ்ரவேலை எகிப்திலிருந்து நடத்தி வந்தவரின் பேச்சு அப்படித்தான் இருந்தது. அந்தப் பேச்சைத்தான் நம் மேடையில் சிரிப்புக்கு வைத்தோம்.

மத்தேயு 27:27 முதல் 31 வரை, போர்ச்சேவகர் இயேசுவைப் பரியாசம்பண்ணும் பகுதியை, ஒரு நாடகக்காரரின் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். சிவப்பான மேலங்கி உடை. முள்முடியும் வலது கையில் கொடுத்த கோலும் மேடைப் பொருட்கள். முழங்காற்படியிடுவது நடிப்பு. "யூதருடைய ராஜாவே, வாழ்க" என்பது வசனம். கூடிவந்த போர்ச்சேவகர் கூட்டம் முழுவதும் பார்வையாளர். ஒரு ஸ்கிட்டுக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருக்கிறது. வேடம் கட்டப்பட்டவர் சம்மதித்து வந்தவர் அல்லர்; கைகள் கட்டுண்டவர், திரும்பிப் பேசாதவர். வருஷந்தோறும் பெரிய வெள்ளியன்று இந்தப் பகுதியை வாசித்துக் கேட்கிற சபை, சம்மதிக்காத ஒருவர்மேல் வேடம் போட்டுச் சிரிப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாகாது. கிறிஸ்தவ நகைச்சுவையின் எல்லைக்கோட்டை நாங்கள் இந்த இடத்தில்தான் பார்க்கிறோம். ஒரு நகைச்சுவை யாரை அந்த அங்கிக்குள் நிறுத்துகிறது என்று கேட்டால் போதும், பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

தீர்க்கதரிசி எலியா பரியாசம் செய்யவில்லையா என்று கமிட்டியில் கேட்கப்பட்டதாக அறிந்தோம். செய்தார். 1 இராஜாக்கள் 18:27-ல், உங்கள் தேவன் பிரயாணம் போயிருப்பான், தூங்கினாலும் தூங்குவான் என்றார். எதிரே பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேர், அவர்களுக்குப் பின்னால் அரண்மனை. எலியா தனி ஆள், தலைக்கு ஆபத்து இருந்தது. அந்தக் கேலி மேலே, அதிகாரத்தை நோக்கிப் போனது. ஆண்டவர் பரிசேயரைப் பார்த்துச் சொன்னதும் அப்படியே. சமாரிய ஸ்திரீயையோ குஷ்டரோகியையோ சகேயுவின் உயரத்தையோ வைத்து அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை. எலியாவைக் காட்டி, அடுத்த வீட்டுக்காரரின் தெய்வங்களைக் கேலி செய்யும் மீம்களை வாலிபர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கும் இங்கே இடம் கிடையாது. அப்போஸ்தலர் 19:37-ல் எபேசு பட்டணத்துச் சம்பிரதியே, அதாவது நகர அலுவலனே, பவுலின் தோழர்கள் "உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல" என்று சாட்சி சொல்கிறான். அந்தப் பட்டணத்தில் பவுல் தங்கிப் பிரசங்கித்தும் அப்படி ஒரு சாட்சியைப் பெற முடிந்தது. சிவாஜிநகரிலும் அல்சூரிலும் லிங்கராஜபுரத்திலும் சுவரோடு சுவராக வாழ்கிற நமக்கும் அதே சாட்சி வேண்டும்.

உங்கள் தீர்மானத்துக்குச் சபைச் சரித்திரத்தில் முன்னோடிகள் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், கிறிஸ்து அழுததாக வேதம் சொல்கிறது, சிரித்ததாகச் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார். ஆனால் மத்தேயுவைப் பற்றிய அந்த ஆறாவது பிரசங்கத்திலேயே, சிரிப்பை முழுக்க ஒழிப்பது தம் நோக்கமல்ல, மனம் சிதறிப்போவதைத் தடுப்பதே நோக்கம் என்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் பெரிய இறையியல் நூலின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 168-ஆம் கேள்வியில், விளையாட்டும் வேடிக்கைப் பேச்சும் இளைத்த மனதுக்கு ஓய்வு என்று ஏற்றுக்கொண்டு மூன்று வரம்புகள் வைக்கிறார்: ஆபாசமானதோ பிறருக்குத் தீங்கானதோ கூடாது, தன்னிலை இழக்கும் அளவுக்குப் போகக் கூடாது, ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்றதாக இருக்கவேண்டும். அதற்குப் பிறகு, தானும் சிரிக்காமல் பிறர் சிரிப்பையும் கெடுக்கிறவனிடமும் குற்றம் உண்டு என்கிறார். ஒருவரை வெட்கப்பட வைப்பதையே நோக்கமாகக் கொண்ட பரியாசத்தை 75-ஆம் கேள்வியில் தனிப் பாவமாக வைத்து ஆராய்கிறார். இரண்டையும் ஒரே தலைப்பில் அவர் போடவில்லை. ஜெர்மன் நாட்டுச் சபைகளில் ஈஸ்டர் அன்று ஜனங்களைச் சிரிக்க வைக்கப் பிரசங்க பீடத்திலிருந்தே கொச்சைக் கதை சொல்லும் பழக்கம் இருந்தது. அதைக் கண்டித்து 1518-ல், பின்னாளில் பாசெல் நகரச் சீர்திருத்தவாதியான எக்கோலம்பாடியுஸ் எழுதினார். அவர் கடிந்தது உயிர்த்தெழுதலின் மகிழ்ச்சியை அல்ல, பீடத்தில் ஏறிய கொச்சையை.

இனி மேடையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறோம். இது தெரியாமல் போடப்படும் எந்த விதியும் நிற்காது.

சபை விழா ஸ்கிட் என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஐந்தாறு பாத்திரங்கள், நாலைந்து பக்க வசனம். எழுதியவர் கையில் இருக்கும் வரை பெரும்பாலும் அதில் குற்றம் இருக்காது. அந்தக் காவலாளியின் திக்கலும் எழுதிய வசனத்தில் இல்லை, ஒத்திகையில் சேர்ந்தது. எப்படிச் சேர்கிறது? எழுதிய நகைச்சுவை ஒன்றிரண்டு முதல் ஒத்திகையிலேயே எடுபடாது. பழக்கமில்லாத பிள்ளைகள் வசனத்தைச் சரியான இடத்தில் நிறுத்திச் சொல்லாததால் சிரிப்பு வராது. அந்த இடத்தில் பயிற்சி கொடுக்க ஆளில்லை என்றால் உடம்புக்குப் போய்விடுவார்கள்: நொண்டி நடை, வயிற்றில் தலையணை, முகத்தில் கரி, ஆணுக்குச் சேலை, ஊர்ப் பேச்சு, திக்கல். இவற்றுக்கு எழுத்தும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். உடனே சிரிப்பு வரும். கடைசி ஒத்திகை சனிக்கிழமை இரவு, பெரியவர்கள் யாரும் இல்லாமல் நடக்கிறது. ஞாயிறன்று மேடையில் முதல் திக்கலுக்குக் கூட்டம் சிரித்ததும், ஒரு முறை என்று வைத்திருந்தது ஏழெட்டு முறையாகிறது. கூட்டத்தின் சிரிப்பே அதை வளர்க்கிறது. ஆகவே சிரித்த சபையார் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. வாலிபர் சங்கத்தை மட்டும் நிறுத்திக் கேட்பது நியாயம் ஆகாது.

திக்கல் வேடத்தைப் பற்றி ஒரு விவரம் தெரிந்தாக வேண்டும். பெரியவர்களில் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவர் திக்கிப் பேசுபவர். சில நூறு பேர் கூடும் ஆராதனையில் அப்படி ஒருவராவது இருப்பார் என்று எடுத்துக்கொண்டே வசனம் எழுத வேண்டும். கேலி வரும் என்ற எதிர்பார்ப்பே திக்கலைக் கூட்டும். வாயைத் திறக்குமுன்பே தொண்டை இறுகும். மேடையில் ஒரு தரம் அதைச் சிரிப்பாக்கினால், அடுத்த ஞாயிறு வாசிப்புப் பீடத்தில் நிற்கிறவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கு முன்பும் அந்தச் சிரிப்பு நிற்கும். பாடும்போதும், பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் பெரும்பாலானோருக்குத் திக்கல் குறைந்துவிடும். சங்கீதத்தைச் சபையாகச் சேர்ந்து வாசிக்கும் நம் பழைய வழக்கம் அவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது யாருக்கும் தோன்றியதில்லை.

நம் மேடைக்கு வாடிக்கையாக வரும் வேடங்களைச் சொல்கிறோம், கூச்சமாக இருந்தாலும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, குடிகாரக் கணவன், கறுத்த மணப்பெண், வடகிழக்கு மாநிலத்துக் காவலாளி, சேலை கட்டிய ஆண், நாஞ்சில் நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர், கன்னடம் கலந்து பேசும் பெங்களூருப் பிள்ளை. இவர்கள் அத்தனை பேரும் நம் இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து நாலு வீட்டில் வேலை செய்துவிட்டு மாலை ஆராதனைக்கு வரும் சகோதரிகள் இருக்கிறார்கள். 2001-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு இங்கே குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. குடிகார வேடத்துக்குக் கூட்டம் சிரிக்கும்போது, முந்தின இரவு அடிவாங்கிய பெண் அதே கூட்டத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். பேதுருவின் பேச்சே அவரை இயேசுவின் கூட்டத்தாரில் ஒருவர் என்று காட்டிக்கொடுத்ததாக மத்தேயு 26:73 சொல்கிறது. ஊர்ப் பேச்சை வைத்து ஆளை மடக்குவது அந்த முற்றத்தில் நின்றவர்களின் வேலை. சேலை கட்டிய ஆண் வேடத்தைப் பற்றி ஏசாயா 56:3-க்கு மேல் நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை. "நான் பட்டமரம்" என்று சொல்ல வேண்டாமென அண்ணகனுக்கு, அதாவது ஆண்மை நீக்கப்பட்டவனுக்கு, கர்த்தர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஒரு காட்சி எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அந்தப் பாத்திரத்தின் குறையையோ நிறத்தையோ பேச்சையோ எடுத்துவிட்டு வசனத்தை வாசித்துப் பார்க்கவேண்டும். சிரிப்பு மிஞ்சினால் அது நகைச்சுவை. ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அங்கே நகைச்சுவை இருந்ததே இல்லை, ஒரு ஆள் மட்டும் இருந்தார். காவலாளி காட்சியை இப்படி வாசித்துப் பார்த்தோம். ஒரு வரிகூட மிஞ்சவில்லை. இந்தச் சோதனை தடுமாறும் இடமும் உண்டு. திக்கிப் பேசும் ஒருவரே தம் திக்கலை வைத்து மேடையில் பேச விரும்பலாம். அப்போது சிரிப்பின் கடிவாளம் அவர் கையில் இருக்கிறது. அது வேறு காரியம், அனுமதிக்கலாம். ஆனால் அவரை யாரும் தூண்டக் கூடாது, "அவரே சிரிக்கிறாரே" என்று அதை மற்றவர்கள் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. கேலிக்கு உள்ளானவர்கள் பல நேரம் தப்பித்துக்கொள்ளவே சிரிக்கிறார்கள்.

உலக நீதிமன்றமே இந்த வேறுபாட்டைக் காண்கிறது. திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் விதம் பற்றிய வழக்கில் 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவையையும் மாற்றுத்திறனாளியைத் தாழ்த்தும் நகைச்சுவையையும் பிரித்துப் பேசியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 92-ஆம் பிரிவு, பொதுப் பார்வையில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. நடந்தது அந்தப் பிரிவில் வருமா என்ற வாதத்துக்கு நாங்கள் வரவில்லை, யாரையும் வழக்குக்கு இழுக்கவும் இல்லை. சட்டம் குற்றம் என்று எண்ணத்தக்க ஒரு வகையைச் சபை விளையாட்டு என்று சொல்லக் கூடாது, அவ்வளவே.

தீர்மானம் மேடையோடு நின்றுவிட்டதும் ஒரு குறை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்கு விலை ஏற ஏற, ஏலம் கூறுகிறவரின் வேடிக்கைப் பேச்சுதான் கூட்டத்தைப் பிடித்து வைக்கிறது. அது நல்ல நகைப்பு, பல ஆண்டாக நம் சபையின் சந்தோஷம். ஆனால் "அண்ணன் கையில் அவ்வளவுதான் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை விழும்போது, தினக்கூலியில் காணிக்கை எடுத்து வந்தவர் எல்லார் முன்னும் கூசிப்போகிறார். பிரசங்கத்தில் மனைவிமாரைப் பற்றிய வேடிக்கைகளும், பிற சபையாரின் ஜெப முறையைப் பாவனை செய்து காட்டுவதும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவை. பீடத்தில் நிற்பவருக்கு யாரும் எழுந்து பதில் சொல்ல முடியாது. ஆகவே அங்கே வரம்பு இன்னும் இறுக்கமாக வேண்டும். ஆயர் ஐயா, இதை மரியாதையோடும் வருத்தத்தோடும் எழுதுகிறோம்.

வீடியோ தனிப் பிரச்சினை. நேரலை வருமுன் ஒரு தவறான காட்சி அந்த மாலையோடு போயிற்று. இப்போது அந்த முப்பது விநாடி தனியாக வெட்டப்பட்டு ரீல்ஸாகவும் ஸ்டேட்டஸாகவும் போகிறது; முன்பின் இல்லாமல் திக்கல் மட்டும் நிற்கிறது. முழு நிகழ்ச்சியையும் நீக்க வேண்டியதில்லை. வீடியோவை முதலில் பிரைவேட்டாக மாற்றி, யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்த நிமிடங்களை மட்டும் வெட்டிச் சேமித்தால் லிங்க் மாறாது. மாற்றம் பதிவாகச் சில மணி நேரம் ஆகலாம். அது முடிந்த பிறகே மறுபடி பொதுவில் வைக்கவேண்டும். கீழே உள்ள கருத்துகளையும் வாசித்து நீக்கவேண்டும், கேலி அங்கேயும் தொடர்கிறது.

நாங்கள் கேட்பவை இவை.

அந்தப் பகுதியை இந்த வாரமே சபையின் சேனலிலிருந்து வெட்டி நீக்குங்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுக்களிலும் நீக்கச் சொல்லுங்கள்.

மத்தேயு 5:23, 24 சொல்லும் ஒப்புரவாகுதலை நடத்துங்கள். ஆயர் ஐயாவும், அந்த வேடம் போட்ட தம்பியும், நிகழ்ச்சிக்குப் பொறுப்பாயிருந்தவரும், அந்த வீட்டார் சம்மதித்தால் மட்டும், அவர்கள் சொல்லும் நேரத்தில் போகவேண்டும். "மனம் புண்பட்டிருந்தால்" என்ற நிபந்தனை வார்த்தை வேண்டாம். அது குற்றத்தைச் செய்தவரிடமிருந்து எடுத்து நொந்தவரின் மனதுமேல் வைக்கிறது. செய்தது இன்னது, அது தவறு, இப்படிச் சரிசெய்கிறோம் என்று மூன்றையும் சொல்லவேண்டும். பிறகு ஆராதனை அறிவிப்பில், பெயரோ அடையாளமோ இல்லாமல், சபை தன் தவறை அறிக்கையிடவேண்டும். "பெரிதுபடுத்த வேண்டாம்" என்று சொன்னதைக் கமிட்டி திரும்பப் பெறவேண்டும். அந்தத் தம்பியை எல்லார் முன்னும் நிறுத்த வேண்டாம்.

வேதபாடம் வாசிப்பவர் பட்டியலில் அந்தச் சகோதரரின் பெயர் அப்படியே இருக்கட்டும். அவர் விரும்பினால் தனியாகவோ இன்னொருவரோடு சேர்ந்தோ வாசிக்கலாம் என்று ஆயர் ஐயா தனிப்பட்ட முறையில் ஒருமுறை சொல்லட்டும். வற்புறுத்தல் வேண்டாம்.

முழுத் தடையை நீக்கி, அதன் இடத்தில் எழுத்து விதி ஒன்றை வையுங்கள். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பு வசனம் முழுவதும் எழுத்தில் வரவேண்டும். மூன்று பேர் அதை வாசிக்கவேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவர், இருபத்தைந்து வயதுக்குக் கீழ் ஒருவர், கூலி வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகிற குடும்பத்திலிருந்து ஒருவர். மூன்றில் ஒருவர் மறுத்தாலும் அந்த வரி போகவேண்டும். கடைசி ஒத்திகை உடை, மைக்கோடு, வாசித்த மூவர் முன்னால் நடக்கவேண்டும். அதற்குப் பிறகு சேர்க்கப்படும் வசனமோ அசைவோ மேடை ஏறக் கூடாது. கரி பூசுதல், வயிற்றில் தலையணை, குறைபாட்டைப் பாவனை செய்தல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே விலக்குங்கள், பொதுவான வார்த்தையில் விட்டால் ஒத்திகையில் திரும்பி வந்துவிடும். ரோதை, யோனா, ஏசாயா 44-ல் பாதி மரத்தில் அப்பம் சுட்டு மீதியில் தேவனைச் செய்கிறவன் என்று பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க நல்ல காட்சிகள் வேதத்தில் நிறைய உண்டு. வசனத்தை எங்கே நிறுத்திச் சொல்வது என்ற பயிற்சியை நாங்கள் கொடுக்கிறோம்.

அதே விதி பிரசங்க பீடத்துக்கும், ஏலத்துக்கும், கிறிஸ்துமஸ் கீத பவனிக்கும், சபையின் பெயரில் இயங்கும் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் பொருந்தும் என்று எழுத்தில் சேருங்கள்.

கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்தக் காலமான அட்வென்ட்டின் முதல் ஞாயிறுக்கு முன்பே தொடங்கவேண்டும். அதற்கு முந்தின கமிட்டிக் கூட்டத்தில் இந்த மடலை நிகழ்ச்சி நிரலில் வைத்து, எடுத்த முடிவை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளிக்கும் வாலிபர் சங்கத்துக்கும் நாடகப் பயிற்சி கொடுக்கும் சபையார்,
பெங்களூரு